ஜாடிக்குள் இருந்த மீனும், நான் நடத்தாமல் விட்ட பாதிப் பாடமும்



நம் விலங்கியல் ஆய்வகத்தின் மேல்தட்டில், ஃபார்மலின் ஜாடிக்குள் விலாங்கு போல ஒன்று சுருண்டு கிடக்குமே, நினைவிருக்கிறதா? பெட்ரோமைசான். "தாடையற்றது, வட்ட வாய், ஒட்டுண்ணி, லார்வாவின் பெயர் அம்மோசீட்" என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டீர்கள். பாடம் முடிந்தது. அது பாதிப் பாடம்தான் என்பது எனக்கே போன ஆகஸ்டில்தான் உறைத்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை என்னை மார்க்வெட் என்ற ஊரிலிருந்து சுப்பீரியர் ஏரிக்குள் படகில் மீன்பிடிக்க அழைத்துப் போனார். ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்!

நாங்கள் தேடிப் போனது லேக் டிரவுட். பெயரில் டிரவுட் இருந்தாலும் அது 'சார்' வகையைச் சேர்ந்தது (நீங்கள் என்னைக் கூப்பிட்ட 'சார்' அல்ல). பழுப்பு டிரவுட் போன்றவற்றுக்கு வெளிர் உடலில் கரும்புள்ளிகள். சார் வகைக்குக் கருத்த உடலில் வெளிர்ப்புள்ளிகள். 10 டிகிரியை ஒட்டிய குளிர்நீர்தான் இதற்குப் பிடிக்கும். ஆகவே கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். கனமான குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்தில் இறக்கி, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டும் பிடிக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒன்று மாட்டியது. இரண்டு கிலோ இருக்கும். அதன் விலாவில் நாணயம் பதித்தது போல வட்டமான பழைய தழும்பு. படகுக்காரர் "லாம்ப்ரே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஜாடியில் இருந்ததேதான்!

கடல் லாம்ப்ரே அட்லாண்டிக் கடலைச் சேர்ந்தது. ஐந்து பெரும் ஏரிகளில் மேலே உள்ள நான்குக்கும் அது ஏறி வராமல் தடுத்தது, ஏறத்தாழ 50 மீட்டர் உயர நயாகரா அருவி. கப்பல்கள் அருவியைச் சுற்றிப் போவதற்காக 1829-ல் வெல்லண்ட் கால்வாயைத் திறந்தார்கள். பின்னர் அதை மேலும் மேம்படுத்தினார்கள். 1921-ல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது. 1938-க்குள் சுப்பீரியர் வரை வந்துவிட்டது. கப்பலுக்குத் திறந்த கதவில் இதுவும் நுழைந்துவிட்டது.

லேக் டிரவுட் நிதானமாக வளரும் மீன். முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஆறேழு ஆண்டுகள், சிலவற்றுக்கு அதற்கும் மேல். லாம்ப்ரே அப்படி வளர்ந்த பெரிய மீன்களைத்தான் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு லாம்ப்ரே தன் ஆயுளில் 18 கிலோ வரை மீனைக் கொல்லும். அளவுக்கு மீறி வலை போட்டதும் சேர்ந்துகொண்டது. மேல் ஏரிகளில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு கிடைத்த லேக் டிரவுட், 1960-களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. மிச்சிகன் ஏரியில் அடியோடு அழிந்தது. எத்தனை மீனவக் குடும்பங்கள் தொழிலை விட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மீட்டது யார் தெரியுமா? ஆய்வகக்காரர்கள்! வெர்னான் ஆப்பிள்கேட் என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 6,000 வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஆற்றுச் சேற்றில் பல ஆண்டுகள் புதைந்து வாழும் அந்த அம்மோசீட் லார்வாவைக் கொல்ல வேண்டும், மற்ற மீன்கள் பிழைக்க வேண்டும். கடைசியில் டி.எஃப்.எம். என்ற பொருள் கிடைத்தது. மற்ற மீன்களின் உடல் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். லாம்ப்ரேக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. 1958-லிருந்து ஆறுகளில் அதை விடுகிறார்கள். லாம்ப்ரே சுமார் 90 சதவீதம் குறைந்தது. பண்ணைகளில் வளர்த்த டிரவுட் குஞ்சுகளை ஏரியில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024-ல், சுப்பீரியரின் பெரும்பகுதியில் லேக் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாகப் பெரும் ஏரிகள் மீன்வள ஆணையம் அறிவித்தது.

ஆனால் வேலை முடியவில்லை. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், மருந்து விடுவது குறைந்தது. லாம்ப்ரே உடனே மீண்டும் பெருகியது. திறந்த கதவை அடைக்க வழியில்லை. தலைமுறை தலைமுறையாகக் காவல் இருக்க வேண்டியதுதான்.

படகுக்காரர் இன்னொன்றும் காட்டினார். மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பு. பண்ணையில் வளர்த்து விடும் குஞ்சுகளுக்கு அடையாளமாக ஏதாவது ஒரு துடுப்பை வெட்டியிருப்பார்களாம். இதற்கு எல்லாத் துடுப்புகளும் முழுசாக இருந்தன. அதாவது, ஏரியிலேயே பிறந்த மீன். ஒரே உடம்பில் அழிவின் தழும்பும் மீட்சியின் அடையாளமும்! அதை மறுபடியும் ஏரியில் விட்டுவிடச் சொன்னேன். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முப்பது வருடம் அந்த ஜாடியைத் தூக்கிக் காட்டியவன் நான். "ஏன் சார் இதைப் படிக்கணும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். "பரீட்சைக்கு வரும்" என்றேன். தம்பி, நீ இதைப் படித்தால், என் சரியான பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் ஜாடியைக் காட்டும்போது மீதிப் பாதியையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் ஆசிரியர்