திரும்பிச் சென்ற துரித சோதனை



2020-ஆம் ஆண்டு சித்திரை மாதம். ஊரடங்கினால் பெரம்பலூர்க் கடைவீதி ஓய்ந்து கிடந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நான் திண்ணையில் அமர்ந்து வானொலிச் செய்திக்குக் காத்திருப்பேன். ஒரு நாள், கொரோனாவைக் கண்டறியும் துரித சோதனைக் கருவிகள் சீனாவிலிருந்து வந்துவிட்டன என்று கேள்வியுற்றோம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம்; அரை மணிக்குள் விடை! தெருவே மகிழ்ந்தது. ஆனால் பத்தே நாட்களில், அவற்றைத் திருப்பி அனுப்புக என்று ஆணை பிறந்தது.

அக்கருவி எதைத் தேடியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது கிருமியைத் தேடவில்லை. கிருமி புகுந்தபின் நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று பார்த்தது. அப்பொருள் தோன்ற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே குறையற்ற கருவியும்கூட, நேற்று நோய் தொற்றியவரிடம் 'இல்லை' என்றே சொல்லும். பட்டையில் 'சி' என்ற இடத்தில் கோடு தோன்றினால், கருவி இயங்கிற்று என்பதே பொருள், விடை மெய்யென்பதன்று.

இங்கோ கருவியே ஐயத்திற்கு இடமாயிற்று. நோயுற்றோர் என முன்னரே உறுதி செய்யப்பட்டவர்களிடம் இராஜஸ்தான் அரசு அதைச் சோதித்தது. 90 சதவீதம் சரியாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது 5.4 சதவீதம். நூறு மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஐவரை மட்டும் கண்டு, ஏனையோர் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள்!

ஏப்ரல் 21-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனையை இரு நாட்கள் நிறுத்தச் சொன்னது. மாநிலங்களின் முடிவுகள் 6 முதல் 71 சதவீதம் வரை வேறுபட்டிருந்தன. 27-இல், குவாங்சோ வோண்ட்ஃபோ, சூஹாய் லிவ்சோன் என்னும் இரு நிறுவனங்களின் கருவிகளையும் திருப்பி அனுப்புமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தமிழகமும் தன்னிடமிருந்த 24,000 கருவிகளைத் திருப்ப முடிவு செய்தது. கருவி நன்றே, பயன்படுத்திய முறையே பிழை என்றனர் உற்பத்தியாளர். அவ்வாதத்தை மறைத்தல் முறையன்று. ஆயினும், இடத்துக்கிடம் இவ்வளவு மாறும் அளவுகோலைக் கொண்டு துணிக்கடைக்காரர்கூட முழம் போடமாட்டார். 245 ரூபாய்க்கு இறக்குமதியான கருவி 600 ரூபாய்க்கு விற்கப்பட்ட செய்தி தில்லி உயர்நீதிமன்றத்தில் வெளிப்பட்டது, அது தனிக்கதை.

இது புதிய பாடமன்று. காசநோய்க்கான இத்தகைய இரத்தச் சோதனைகளை நம்பலாகாது என 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே இந்தியா அவற்றைத் தடை செய்தது.

கருவிகள் நீங்கிய மறு வாரமே நமக்குச் சோதனை வந்தது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் உழைத்த நம் மக்கள் லாரிகளில் ஊர் திரும்பினர். பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டங்களிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோரிடம் நோய் காணப்பட்டது. பலருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. பட்டையில் கோடு தோன்றாததை நம்பியிருந்தால், அன்றிரவே பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டிற்குப் போயிருப்பர். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துக் கிருமியையே தேடும் சோதனைதான் அவர்களுக்குச் செய்யப்பட்டது. அதன் விடை வரும்வரை, வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து அவர்கள் காத்திருந்தனர்.