ஆனந்த் அமிர்தராஜ்: ஆடாமல் விட்ட இறுதிப் போட்டி

டெனிஸ் உலகில் அமிர்தராஜ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் விஜய். அவருடைய அண்ணன் ஆனந்த் அமிர்தராஜ் 1952 மார்ச் 20இல் சென்னையில் பிறந்தவர். ஒற்றையர் ஆட்டத்தில் தம்பியே முன்னணியில் நின்றார். ஆனந்தின் பெயர் நிலைத்தது இரட்டையர் ஆட்டத்தில். 1976இல் சகோதரர்கள் இருவரும் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி வரை முன்னேறினர். மூன்றாவது சகோதரரான அசோக்கும் டெனிஸ் வீரர். பின்னர் ஹொலிவூட்டில் திரைப்படத் தயாரிப்பாளரானார்.

டேவிஸ் கிண்ணம் நாடுகள் மோதும் போட்டி. அக்காலத்தில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களுக்கு இடையே வந்தது ஒரேயொரு இரட்டையர் ஆட்டம். இரு அணிகளும் சமபலமாக இருந்தால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். 1974இல் கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அதுவே நடந்தது. ஜோன் அலெக்சாண்டர், கொலின் டிப்ளி இணையை அமிர்தராஜ் சகோதரர்கள் 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றனர். சமநிலை முறிப்பு இல்லாத அக்காலத்தில் அந்த ஓர் ஆட்டம் 99 கேம்கள் நீண்டது. இந்தியா 3-2 என வென்றது. அடுத்து பூனேயில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

எதிரணி தென்னாபிரிக்கா. கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு விசா மறுத்ததை அடுத்து 1970இல் போட்டியிலிருந்து விலக்கப்பட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட நாடு அது. டேர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் சந்ததியினரும் அங்கு நிறவெறிச் சட்டங்களின் கீழேயே வாழ்ந்தனர். இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கிண்ண வரலாற்றில் இறுதிப் போட்டி இவ்வாறு முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பு இந்தியாவுக்கு அன்று பிரகாசமாக இருந்தது. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தோலின் நிறத்தைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் அரசு, மைதானத்துக்குள்ளும் அப்படித்தான் பிரித்தது. மறுப்பின் விலையைக் கொடுத்தவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வீரர்கள்.

1987இல் இந்தியா மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தபோதும் சகோதரர்கள் இருவரும் அணியில் இருந்தனர். கோத்தன்பேர்க்கில் சுவீடன் 5-0 என வென்றது. 2013இல் ஆனந்த் இந்திய அணியின் ஆடாத தலைவராக நியமிக்கப்பட்டார்.

கண்டியிலும் நுவரெலியாவிலும் டெனிஸ் நீண்டகாலம் துரைமார் கழகங்களின் விளையாட்டாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்த வலைக்கு அப்பால் இடமிருக்கவில்லை. யார் ஆடலாம் என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல. டேவிஸ் கிண்ணத்தை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. ஆயினும் 1974இன் அந்த மறுப்பை நினைத்து அது வெட்கப்பட வேண்டியதில்லை.