பதிவேட்டில் 1164 கித்தார்கள்

கித்தார் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவில் ஓரமாக நின்ற பையன் கையில் இருந்ததுதான். தட்டையான மேல்பலகை, நடுவில் வட்டமாக ஒரு துளை. நான் இங்கே எழுதப்போவது வேறு வகை. வயலினைப் போல முன்னும் பின்னும் புடைத்திருக்கும். வட்டத் துளைக்குப் பதில், இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் துளைகள். தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பலகையில் ஒட்டியிருக்க மாட்டார்கள். தந்திகளின் அழுத்தத்திலேயே அது நிற்கும். ஆர்ச்டாப் என்று இதற்குப் பெயர். ஜாஸ் இசைக்காரர்களின் கித்தார்.

என் அக்கா மகன் பிரெஞ்சு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறான். ஓய்வுக்குப் பிறகு பழைய ஆர்ச்டாப் ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷம் அலைந்தான். வாரம் தவறாமல் போனில் எனக்கும் பாடம் நடத்துவான். கேட்கக் கேட்க எனக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கித்தார் பிறந்ததற்குக் காரணம் சத்தம். 1920-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன் என்று ஊதுகிற கூட்டம் நடுவே சாதாரணக் கித்தார் வாசித்தால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. ஒலிபெருக்கி வசதி இன்னும் வரவில்லை. அதனால்தான் அங்கே பாஞ்சோ கோலோச்சியது. மிஷிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் ஏற்கெனவே மேண்டலினையும் கித்தாரையும் வயலின் போலக் குடைந்து செய்து பார்த்திருந்தார். அவர் பெயரில் நடந்த கம்பெனியில் லாய்ட் லோர் என்பவர் 1922-இல் எஃப் துளைகளோடு எல்-5 என்ற மாதிரியைக் கொண்டுவந்தார். கணீரென்று முன்னால் பாயும் ஒலி. எட்டி லாங் போன்றவர்கள் அதை எடுத்து வாசித்த பிறகு பாஞ்சோ மெல்லப் பின்வாங்கியது.

கம்பெனிக் கதை அதோடு இருக்கட்டும். எனக்குப் பிடித்தவர் நியூயார்க்கின் ஜான் டாஞ்செலிகோ. 1905-இல் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஒன்பது வயதில், வயலினும் மேண்டலினும் செய்துவந்த உறவுப் பெரியவர் ஒருவரிடம் தொழில் கற்கப் போனார். 1932-இல் மன்ஹாட்டனில் இத்தாலியர்கள் நிறைந்த பகுதியில், கென்மேர் தெரு 40-ஆம் எண்ணில் தனிக் கடை போட்டார். பிரெஞ்சில் இத்தொழில் செய்பவரை லுத்தியே என்போம். லூத் என்ற பழைய தந்தி வாத்தியத்திலிருந்து வந்த சொல். அந்த லூத் அரபியின் 'அல் ஊத்' என்பதிலிருந்து வந்தது. ஊத் என்றால் மரம். சொல்லே மரவேலையில் போய் முடிகிறது பாருங்கள்!

வேலையும் அப்படித்தான். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பின்பலகைக்கு மேப்பிள். கனமான பலகையை உளியாலும் சின்ன இழைப்புளியாலும் செதுக்கிச் செதுக்கி, சில மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் சற்றுக் கனமாக, விளிம்பை நெருங்க நெருங்க மெல்லியதாக. விரலால் தட்டிக் காதில் வாங்கி, மறுபடி செதுக்க வேண்டும். அளவுகோல் பாதி, காது பாதி. கொஞ்சம் அதிகம் எடுத்துவிட்டால் பலகை போயிற்று.

அந்தக் காலத்து வாத்தியக்காரருக்கு இப்படி ஒரு கித்தார் வாங்குவது என்பது கடைக்குப் போய்க் காசைக் கொடுத்து எடுத்துவரும் காரியமல்ல. கென்மேர் தெருவுக்கு நேரில் போவார். குழுவில் தாளத்துக்கு வாசிப்பவரா, தனி வாசிப்பா, கை எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் பார்த்து, கழுத்தின் பருமனையும் ஒலியின் குணத்தையும் அதற்கேற்பச் செய்து தருவார் டாஞ்செலிகோ. எக்ஸல் என்ற மாதிரி 17 அங்குல அகலம். நியூயார்க்கர் 18 அங்குலம், நியூயார்க் கட்டடங்களைப் போலப் படிப்படியான அலங்காரங்களோடு. 1957-இல் ஒருவர் கேட்டார் என்று கண்ணீர்த்துளி வடிவத்தில்கூட ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டாஞ்செலிகோ பதிவேடு வைத்திருந்தார்! கித்தாரின் எண், மாதிரி, தேதி, வாங்கியவர் பெயர். அதே எண் கித்தாரின் உள்ளேயும் பதிந்திருக்கும். எஃப் துளை வழியாக டார்ச் அடித்தால் தெரியும். வாழ்நாளெல்லாம் பேரேடும் பதிவேடும் எழுதிய எனக்கு இதைப் படித்தபோது மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. நம் ஊரில் பழைய எத்தா சிவீல் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால்தான் ஆள் பிறந்ததே நிச்சயம் என்பார்களே, அதே கதைதான். 1000-க்கு மேல் தொடங்கிய எண்கள் 2164-இல் முடிகின்றன. மொத்தம் 1164. முப்பத்திரண்டு வருஷத்தால் வகுத்துப் பார்த்தேன், வருஷத்துக்கு 36 வருகிறது. மூன்று நான்கு கைகள் சேர்ந்து செய்த வேலைக்கு அது பெரிய எண்தான்.

1952-இல் ஜேம்ஸ் டாக்விஸ்டோ என்ற பதினாறு பதினேழு வயதுப் பையன் எடுபிடி வேலைக்கு வந்து சேர்ந்தான். 1959-இல் முதலாளிக்கு மாரடைப்பு. கடையே மூடிக் கிடந்தது. மறுபடி திறக்க வைத்தது பையன்தான் என்கிறார்கள். 1964-இல் டாஞ்செலிகோ இறந்தபோது வயது 59. கடைசிப் பத்துக் கித்தார்கள் பாதியில் நின்றன. அவற்றை முடித்துக் கொடுத்தவர் டாக்விஸ்டோ. பிறகு தொழிலை எடுத்து நடத்தி, தன் பெயரிலேயே புகழ் பெற்றார். அவரும் 1995-இல், அதே 59 வயதில் இறந்தார். 2011-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இவர்கள் இருவரின் கித்தார்களையும் வைத்துக் கண்காட்சி நடத்தியது.

அருங்காட்சியகத்துக்குப் போனது பெருமைதான். ஆனால் தொல்லையும் அங்கிருந்துதான். விலை ஏறியதும் வாசிப்பவர் கையிலிருந்து சேகரிப்பவர் அலமாரிக்குப் போய்விட்டன. கவுண்ட் பேஸி குழுவில் ஃபிரெடி கிரீன் என்று ஒருவர். 1937 முதல் 1987-இல் இறக்கும்வரை அதே நாற்காலி. பாஸ்டன் ஸ்ட்ராம்பெர்க் செய்த பெரிய ஆர்ச்டாப்பை, மின்சாரத்தில் இணைக்காமல், நான்கு தட்டுக்கு நான்கு என்று அடித்துக்கொண்டே இருந்தார். கித்தார் என்றால் அதற்குத்தான்.

பழையது வாங்குவதில் இன்னொரு சங்கடம் செல்லுலாய்டு. ஓரப் பட்டைகளும், வலக்கை உரசாமல் காக்கும் தகடும் அதில்தான் செய்தார்கள். பழைய சினிமாச் சுருளும் அதே சரக்கு. வயதானால் உதிர்ந்து, அமில ஆவி விட்டு, பக்கத்து உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். இன்னொன்று, 1930-களின் கடைசியில் சார்லி கிறிஸ்டியன் மின்சாரக் கித்தாரில் பெயர் வாங்கியதும், பல பேர் தங்கள் நல்ல ஆர்ச்டாப்பின் மேல்பலகையை அறுத்து பிக்கப் பதித்துவிட்டார்கள். அறுத்ததற்கு விலை பாதிதான்.

அக்கா மகனுக்கு டாஞ்செலிகோ எட்டாக்கனி. அவன் ஜெர்மன் பக்கம் போனான். போஹிமியாவின் ஷோன்பாக் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாத்தியம் செய்துவந்த ஜெர்மன் குடும்பங்கள் 1945-க்குப் பிறகு வெளியேற்றப்பட்டன. 1949 முதல் அவர்களில் பலர் பவேரியாவின் புபன்ராய்ட் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். கருவியும் மரமும் தேடி, மறுபடி செதுக்கினார்கள். 1950-களில் அவர்கள் செய்த ஆர்ச்டாப்கள் அமெரிக்க ஜாதியோடு போட்டி போடக்கூடியவை. பலவற்றில் செய்தவர் பெயர்கூட இல்லை.

அப்படி ஒன்று லியோனில் கிடைத்தது. பெயர்ச் சீட்டு இல்லை. மேல்பலகையில் பிக்கப் அறுத்த பொத்தல். ஒரு பக்க ஓரப்பட்டை நொறுங்கியிருந்தது. "மாமா, இது சேகரிக்கிறவன் தொட மாட்டான், ஆனா குரல் மணி மாதிரி இருக்கு. வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

"வாசிக்கத்தானே வாங்குறே? வாங்கு" என்றேன்.

பட்டையை மாற்றினான், பொத்தலை அப்படியே விட்டுவிட்டான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு வாசிக்கிறான். வாங்கிய தேதி, விலை, விற்றவர் பெயர், என்னென்ன பழுது பார்த்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். சிரித்தான். எழுதி வைத்துவிட்டுப் போட்டோ அனுப்பினான். தேதி போட மறந்திருந்தான்; திருப்பி அனுப்பினேன்.