பழைய வண்டியும் பழகிய கையும்

மாடு வாங்கச் செல்பவன் சுழி பார்ப்பான். பல்லைப் பிடித்து வயதறிவான். நடக்கவிட்டு நடை பார்ப்பான். பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கும் குடும்பத்தவனுக்கோ இவ்வளவு எளிதில் உண்மை புலப்படுவதில்லை. வெளியே மெருகிட்ட தகடு மின்னும். உள்ளே எஞ்சின் தேய்ந்திருக்கும். விற்றவன் பணத்தை எண்ணிக்கொண்டு போன பின்னரே, முதல் ஏற்றத்தில் குறை வெளிப்படும். இத்தகைய குறைகளோடு போராடி, அவற்றைத் தீர்க்கும் தொழிலையும் கற்றுக்கொண்ட வரலாறு இலங்கைக்கு உண்டு.

1948 ஆம் ஆண்டு அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானிய வண்டி இதுவேயாகும். அதன் எஞ்சின் தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 1952 இல் 803 ஆகவும், 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் மாறிற்று. இம்மைனரும், ஒஸ்ரின் வண்டிகளும் இலங்கையில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் ஆகியோர் வீடுகளில் குடும்ப உறுப்பினர் போன்று இடம்பெற்றன.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் விளைவு யாது? புதிய வண்டி அரிதாகவே, பழைய வண்டி கைக்குக் கை மாறிற்று. வாங்குவோர் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றனர். அவர் முதலிற் பார்ப்பது புகையையே. நீலப் புகையாயின் எஞ்சின் ஒயில் எரிகின்றது, வளையங்கள் தேய்ந்துவிட்டன. கரும்புகையாயின் பெற்றோல் மிகுதியாகப் பாய்கின்றது. சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதாயின் தண்ணீர் உட்புகுகின்றது, காஸ்கற் பழுதுபட்டிருக்கலாம்.

தேய்ந்த எஞ்சினை எறிந்துவிட வழியில்லை. ஆதலால் சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரனைப் பொருத்தினர். வால்வுகளை அரைத்து அமரச்செய்தனர். கிடையாத உதிரிப்பாகத்தைக் கடைசற்பட்டறையில் புதிதாகச் செய்தனர். பள்ளியிற் கல்லாத பொறியியலைக் கராச்சுகள் கற்பித்தன.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பழைய வண்டிகளின் காலம் முடிந்ததெனப் பலர் எண்ணினர். ஆனால் 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது கைகொடுத்தவை அப்பழைய வண்டிகளே. அவற்றின் எஞ்சின்கள் குறைந்த அமுக்க விகிதம் உடையவை. ஆகவே மண்ணெண்ணெயையும் ஓரளவு தாங்கின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு வண்டியைக் கிளப்புவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவர். இதற்கொப்பான முறையில் ஓடிய உழவு இயந்திரங்கள் 1940களிலேயே இங்கிலாந்தில் இருந்தன. அங்கு அது சிக்கனம். இங்கு அது உயிர்காப்பு. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல, அயலில் இயங்கும் வண்டி ஒன்று இருப்பதும் இல்லாததும் எத்துணை வேறுபாடு!

இதற்கு எஞ்சின் செலுத்திய விலையும் சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது, தாங்கிகள் தேய்ந்தன, கரி படிந்தது, எஞ்சினுள் தட்டொலி எழுந்தது. ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அதுவும் கிடைத்தற்கரியது. முன்னைய தட்டுப்பாட்டுக் காலத்திற் பெற்ற கைப்பழக்கமே அந்நாளில் வண்டிகளைத் தெருவில் நிறுத்தியது.

2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டி வாங்கியோர் பலரும் அதே பழைய வினாவையே எதிர்கொண்டனர்: குறையுள்ளதை விற்றுத் தலைமுழுகுவதா, குறையை அறிந்து தீர்ப்பதா? பொறுமையுடன் செவிசாய்த்து, எஞ்சினின் ஒலியிற் குறையைக் கண்டறிந்த அம்மெக்கானிக்குகள், இரண்டாம் வழியும் உண்டென்பதை முன்னரே காட்டிச் சென்றுள்ளனர்.