பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல காரைக்கால் ட்ரிப்பா? முதல்ல டயருக்கு வயசு என்னன்னு பாருங்க!

சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி காரைக்காலுக்கு வர்ற தேசிய நெடுஞ்சாலை 32-ல், விடியற்காலையில ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை விரட்டணும்னு ஆசையா? தப்பே இல்லை. ஆனா, கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு டயரைப் பாருங்க.

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' பால் வாக்கர், 2013 நவம்பர் 30 அன்று விபத்தில் இறந்தது நினைவிருக்கும். ஓட்டியது அவருடைய நண்பர். கார், 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி. 600 குதிரைத்திறனுக்கு மேல் இருந்தும், சறுக்கும்போது காரைத் தானாகவே நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதில் கிடையாது. 72 கி.மீ வேக எல்லை உள்ள சாலையில் 130 முதல் 150 கி.மீ வேகத்தில் போனதுதான் முக்கியக் காரணம் என்றது விசாரணை. கூடவே வெளிவந்த இன்னொரு விஷயம், டயர்களுக்கு வயசு 9!

ஷெட்ல மூடிவெச்ச கார்ல இதுதான் வில்லங்கம். பட்டன் புதுசாட்டம் இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில், 'டிஓடி' குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 3217 என்றால், 2017-ம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. ஆறு வயசு தாண்டினா மாத்திடுறது நல்லது. செலவுதான், என்ன செய்ய!

அடுத்து பிரேக். இந்தியாவில் எல்லா புது கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானதே 2019 ஏப்ரலில்தான். அது இல்லாத கார்ல பதறிப்போய் ஒரே மிதியா மிதிச்சா சக்கரம் லாக் ஆகிடும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராவே போகும். மிதியை லேசா தளர்த்துங்க, சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் கார் திரும்பும். பழைய போர்ஷே 911 மாதிரி இன்ஜின் பின்னாடி இருக்கிற காரா? வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க. வளைவுக்குள்ள போயிட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுத்தா, காரோட பின்பக்கம் முன்னாடி வரப் பார்க்கும். சீட் பெல்ட் இடுப்புக்கு மட்டும் இருந்தா, தோளையும் பிடிக்கிற மூணு முனை பெல்ட்டை மாட்டாம ஹைவே பக்கம் போகாதீங்க.

டெல்டா ரோட்டுக்குன்னு தனி கணக்கு இருக்கு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிஞ்சு பாதி ரோட்டுல நெல் காயும். அது மேல பிரேக் அடிக்கிறதும் மணல் மேல அடிக்கிறதும் ஒண்ணுதான். இருட்டுல பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் திடீர்னு முளைக்கும். முன்னாடி போற வண்டி ஒரு மரத்தைத் தாண்டினதும் எண்ண ஆரம்பிங்க. நீங்க அந்த மரத்தைத் தொட நாலு விநாடியாவது ஆகணும். சனிக்கிழமைன்னா திருநள்ளாறு பக்கம் ரோட்டு ஓரமெல்லாம் பக்தர்கள் கூட்டம். அன்னிக்கு உங்க காருக்கு ரெண்டாவது கியரே ஜாஸ்தி.