கலங்காத தண்ணீரும் கரண்ட் பில்லும்

1895-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் என்ற ஊருக்கு அருகே, ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் பில்ட்மோர் மாளிகையைக் கட்டி முடித்தார். 250 அறைகள் கொண்ட மாளிகை. அதன் அடித்தளத்தில் ஒரு நீச்சல் குளமும் உண்டு. கொள்ளளவு 70,000 காலன், அதாவது சுமார் இரண்டே முக்கால் லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீருக்குள் மின்விளக்கு கூடப் போட்டிருந்தார்கள். மின்சாரமே அதிசயமாக இருந்த காலத்தில் தண்ணீருக்குள் விளக்கு! ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க எந்த ஏற்பாடும் இல்லை. குளோரின் கிடையாது, ஃபில்டர் கிடையாது. சில நாட்களுக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் திறந்துவிட்டு, மறுபடியும் நிரப்புவார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கு எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். நிரப்பு, குளி, கலங்கினால் கொட்டு. இங்கிலாந்தின் பொதுக் குளங்கள் சிலவற்றில் புதுத் தண்ணீர் விட்ட நாளில் கட்டணம் அதிகமாகவும், நாள் ஆக ஆகக் குறைவாகவும் இருந்தது. அழுக்குத் தண்ணீர் ஏழைகளுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

வீட்டுக் குளத்தின் தண்ணீர் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாக வேண்டும்? கடந்த நூறு ஆண்டுகளில் அமெரிக்கர்கள் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் பலமுறை மாறியிருக்கிறது. நடுவில் ஒரு ஐம்பது ஆண்டுகள் அந்தக் கேள்வியையே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம்.

1908-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்க ஆரம்பித்தார்கள். இரண்டே வருடத்தில், 1910-ல், பிரௌன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளத்திலும் அது கலக்கப்பட்டது. கிருமிப் பிரச்சினைக்கு வழி பிறந்தது. பாசியையும் குளோரின் தடுக்கும். ஆனால் தூசி, மணல், தலைமுடி, தோலிலிருந்து உதிரும் அழுக்கு இவற்றையெல்லாம் குளோரின் ஒன்றும் செய்யாது. அதற்குத் தண்ணீரை இழுத்து, மணல் வழியாக வடிகட்டி, மீண்டும் குளத்துக்கே அனுப்ப வேண்டும். இங்கேதான் பம்ப் உள்ளே வருகிறது. பம்ப் வந்தால் பின்னாலேயே கரண்ட் பில்லும் வரும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதற்கு 1920களில் கேஜ், பிட்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். குளத்தின் மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீர் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போனால் 100 சதவீத அழுக்கும் போய்விடாது. வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாத தண்ணீரோடு கலந்துகொண்டே இருப்பதால் சுமார் 63 சதவீதம்தான் போகும். இரண்டாவது சுற்றில் அது 86 ஆகும், மூன்றாவதில் 95, நான்காவதில் 98. ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு ஒன்றே, பலன் மட்டும் குறைந்துகொண்டே போகும். இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் எட்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று பொதுக் குளங்களுக்கு விதிகள் வந்தன. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பேர் இறங்கி ஏறும் குளத்துக்கு அது நியாயமான விதி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை மாறுகிறது. குளம் பொது இடத்திலிருந்து கொல்லைப்புறத்துக்கு வந்தது. சிமெண்ட் கலவையைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும் முறை அதற்குப் பெரிய உதவி. (இந்தக் கருவியைக் கண்டுபிடித்த கார்ல் ஏக்லி கட்டிட இன்ஜினியர் இல்லை. சிகாகோ அருங்காட்சியகத்தில் யானை முதலான மிருகங்களைப் பாடம் பண்ணி நிறுத்திய கலைஞர்!) பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்ற வேண்டியதில்லை என்பதால் குளத்தை எந்த வடிவத்திலும் வளைக்க முடிந்தது. 1948-ல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் தாமஸ் சர்ச் வடிவமைத்த வளைந்த குளம் பிரபலமாகி, ஏராளமான கொல்லைப்புறங்களில் பிரதி எடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் சீதபேதிக் கிருமியை வடிகட்ட அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய, நுண்ணிய பாசிகளின் ஓட்டுப்பொடி கொண்ட ஃபில்டரும் சிவில் வாழ்க்கைக்கு வந்து குளத்தோடு சேர்ந்துகொண்டது.

அத்தோடு மின்சாரம் மலிவு. சாதாரண மலிவு இல்லை, தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்று கம்பெனிகளே கெஞ்சிய காலம். 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் போன்ற நிறுவனங்கள் 'எல்லாமே மின்சாரம்' வீடுகளுக்காகப் பெரிய பிரச்சாரம் நடத்தின. பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்தான் அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தொலைக்காட்சி முகம்.

இந்தச் சூழலில், நூற்றுக்கணக்கானோர் குளிக்கும் குளத்துக்குப் போட்ட விதி நாலு பேர் குளிக்கும் வீட்டுக் குளத்துக்கும் அப்படியே வந்து உட்கார்ந்தது. அதோடு ஹெச்.பி. மோகம் வேறு. பக்கத்து வீட்டில் ஒரு ஹெச்.பி. என்றால் நம் வீட்டில் ஒன்றரை. குளம் கட்டித் தருபவர் குழாய்ச் செலவைக் குறைக்கச் சின்னக் குழாயும் நிறைய முழங்கை வளைவுகளும் போட்டுவிட்டு, அதில் தண்ணீரைத் தள்ளப் பெரிய மோட்டாரை மாட்டிவிடுவார். மோட்டார் வாங்குபவர் அவர், பில் கட்டுபவர் வேறொருவர். வீணுக்கு வேறென்ன காரணம் தேட வேண்டும்?

இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவை. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிவரும் தண்ணீரும் பாதியாகும். ஆனால் அது இழுக்கும் மின்திறன் பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்காகக் குறையும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது விதி. கணக்காகப் பார்த்தால், 1,500 வாட் பம்ப் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அதே பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுமார் 190 வாட். அதே அளவு தண்ணீரைத் தள்ள 16 மணி நேரம் ஆகும், செலவு 3 யூனிட். மோட்டாரின் திறன் குறைந்த வேகத்தில் கொஞ்சம் அடிவாங்கும் என்பதால் நடைமுறையில் லாபம் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் பெரிய லாபம்தான். மெதுவாகப் போகும் தண்ணீரை ஃபில்டரும் நன்றாகவே வடிகட்டும். அதாவது இரண்டு மடங்கு நேரம், கால் பங்கு செலவு, அதே தெளிவு. பம்ப் செய்பவர்களுக்கு இது எப்போதோ தெரிந்த விதி. வீட்டுக் குளத்துக்கு வந்து சேரத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1973 எண்ணெய் நெருக்கடி மின்சாரமும் விலையேறும் என்று காட்டியது. 1980களில் ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 120 வீட்டுக் குளங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பம்ப் ஓடும் நேரத்தைக் குறைத்தது, சிறிய பம்ப் மாட்டியது, இரண்டையும் சேர்த்துச் செய்தது என்று பார்த்ததில், சில வீடுகளில் பம்புச் செலவு 75 சதவீதம் வரை குறைந்தது. அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக பம்பை ஓட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்று திருப்தியாகச் சொன்னார்கள். பொதுவாக வீட்டுக் குளத்துக்கு முக்கால் ஹெச்.பி. போதும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை பின்னாளில் மக்களுக்குத் தந்த ஆலோசனையிலும் இந்த ஆய்வு இடம்பெற்றது.

அப்படியானால் தெளிவு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி சரியான அளவு குளோரினிலிருந்து. வெயிலில் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போகும், அதைக் காக்க சயனூரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் வந்த பிறகு பம்பை ஓட்டிக்கொண்டே மருந்து ஊற்ற வேண்டிய அவசியம் குறைந்தது. இன்னொரு பகுதி, விழுந்த இலையை ஊறும் முன் வலையால் எடுப்பதிலிருந்தும், சுவரைப் பிரஷ்ஷால் தேய்ப்பதிலிருந்தும். இவை கரண்ட் செலவில்லாத, அலுப்பான வேலைகள். அலுப்பை மிச்சம் பிடிக்க 1974-ல் தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே கண்டுபிடித்த 'க்ரீப்பி க்ராலி' என்ற தானாக ஊர்ந்து சுத்தம் செய்யும் கருவி உலகமெங்கும் பரவியது. ஆனால் அது ஊர்வதற்கு பம்பின் உறிஞ்சும் பலம் வேண்டும். மெதுவாக ஓடும் பம்பில் அது நின்றுவிடும். கை வேலையை மிச்சம் பிடித்தால் கரண்டில் கொடுக்க வேண்டும் என்ற சிக்கல்!

ஃப்ளோரிடா ஆய்வுக்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. மாற்றத்துக்கு ஒரு அடி தேவைப்பட்டது. அது 2000 கோடையில் விழுந்தது. கலிஃபோர்னியாவின் மின்சந்தை தாராளமயம் ஆனதும், என்ரான் போன்ற வியாபாரிகள் புகுந்து விளையாடியதும் பெரிய கதை. விளைவு மட்டும் இங்கே போதும். சான் டியேகோவில் சில மாதங்களில் பில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2001-ல் பணக்கார கலிஃபோர்னியாவில் சுழற்சி முறையில் மின்வெட்டு. ஏப்ரல் மாதம் மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் திவால் மனு கொடுத்தது. கோடையில் 20 சதவீதம் மின்சாரத்தைக் குறைத்தால் பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஆளுநர் கிரே டேவிஸ் அறிவித்தார். எதைக் குறைப்பது என்று தேடியபோது, கொல்லைப்புறத்தில் யாரும் குளிக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டிருந்த பம்ப் எல்லோர் காதிலும் விழுந்தது.

அதன்பின் விதிகள் வந்தன. திறன் குறைந்த பழைய வகை மோட்டார்களைக் கலிஃபோர்னியா 2006 முதல் தடை செய்தது. 2008 முதல், ஒரு ஹெச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக் குள ஃபில்டர் பம்புகளுக்குக் குறைந்தது இரண்டு வேகம் வேண்டும் என்றது. எப்போதும் குறைந்த வேகத்தில்தான் ஓட வேண்டும், வேகம் கூட்டினாலும் 24 மணி நேரத்துக்குள் தானே இறங்கிவிட வேண்டும். மனிதர்களின் மறதியைத் தெரிந்து எழுதிய விதி. 2010 முதல் புதிதாகக் கட்டும் குளங்களில் குழாய் அளவு, தண்ணீர் ஓடும் வேகம் எல்லாவற்றுக்கும் வரம்பு வந்தது. இதே ஆண்டுகளில், கலப்பின கார்களில் இருப்பது போன்ற நிரந்தரக் காந்த மோட்டாரோடு, வேகத்தை வேண்டியபடி மாற்றும் பம்புகளும் கடைக்கு வந்தன. விலை அதிகம் என்ற முணுமுணுப்பு இருந்தது, பில்லைப் பார்த்தவர்களிடம் அது சீக்கிரம் அடங்கியது.

சிக்கனம் என்றால் பம்பையே நிறுத்திவிடுவதா? அதற்கும் கலிஃபோர்னியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2007-ல் வீட்டுக் கடன் நெருக்கடியில் கெர்ன் மாவட்டத்தின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஏராளமானோர் தவணை கட்ட முடியாமல் போனார்கள். வீடுகள் காலியாயின, பம்புகள் நின்றன. குளங்கள் பச்சையாகி, பாசி படர்ந்து, கொசு முட்டையிட்டது. அந்தக் கோடையில் மாவட்டத்தில் மனிதர்களுக்கு வந்த வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். கவனிக்காத குளங்களை வானிலிருந்து படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். நீலப் புள்ளிகளுக்கு நடுவே பச்சைப் புள்ளிகள். கடன் கொடுத்த வங்கி ஓர் ஊரில், கடன் வாங்கியவர் இன்னோர் ஊரில், காய்ச்சல் மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

கலிஃபோர்னியா போட்ட பாதையில் நாடு முழுவதும் நடக்க இன்னும் பல வருடம் ஆயிற்று. 2017-ல் அமெரிக்க எரிசக்தித் துறை, தயாரிப்பாளர்கள், மின் நிறுவனங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்த விதியை வெளியிட்டது. 2021 ஜூலை 19 முதல் அது அமலுக்கு வந்தது. தரையில் தோண்டிய குளங்களுக்கான பெரிய பம்புகளில் ஒரே வேகத்தில் ஓடுபவை அந்த அளவுகோலைத் தாண்ட முடியாமல் சந்தையிலிருந்து ஒதுங்கின.

நேரக் கணக்கும் தலைகீழானது. ராத்திரியில் மின்சாரம் சும்மா கிடக்கிறது, பம்பை அப்போது ஓட்டுங்கள் என்பதுதான் மின் நிறுவனங்களின் பழைய உபதேசம். இப்போது கலிஃபோர்னியாவின் கூரைகளிலும் பாலைவனங்களிலும் சூரியத் தகடுகள் நிறைந்து, உச்சி வெயிலில்தான் மின்சாரம் மிஞ்சுகிறது. தட்டுப்பாடு சாயங்காலம் நாலு மணிக்கு மேல். அதனால் 2023-ல் அந்த மாநில எரிசக்தி ஆணையம் இன்னொரு விதி போட்டது. விற்பனைக்கு வரும் குளக் கட்டுப்பாட்டுக் கருவிகளில், வாங்கியவர் எதையும் மாற்றாவிட்டால், பம்ப் காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் 3 மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். குளோரினைத் தின்கிற அதே வெயில்தான் இப்போது பம்பையும் ஓட்டுகிறது.