பெட்ரோலில் இருந்த ஈயமும் பழைய மோட்டார் சைக்கிள்களும்

2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1 முதல், இந்தியாவிலும் நின்றது. பழைய பைக் வைத்திருந்தவர்களுக்கு ஒரே கவலை. ஈயம் இல்லாமல் எஞ்சின் தாங்குமா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் ஈயம் பெட்ரோலுக்குள் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் ஒரு பகுதி தானாகவே வெடிப்பதை நாக்கிங் என்பார்கள். கம்ப்ரஷன் கூடினால் இதுவும் கூடும். 1921ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்து கண்டுபிடித்தார். அதுதான் டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மம். 1923ல் விற்பனைக்கு வந்தது.

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் ஈய நச்சால் இறந்தனர். அப்போது மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கைகழுவிக் காட்டினார்! அதற்கு முந்தைய ஆண்டு ஈய நச்சால் வேலையை விட்டு ஓய்வெடுத்தவரும் அவரே. 1926ல் விற்பனை மறுபடி தொடங்கிவிட்டது.

நாக்கிங்கைத் தடுக்கச் சேர்த்த ஈயம் இன்னொரு வேலையையும் செய்தது. எரிந்த ஈயம் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தது. படலம் இல்லாவிட்டால், பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் வால்வு, மிருதுவான வார்ப்பிரும்பு சீட்டில் ஒட்டிப் பிய்ந்து துகள்களைப் பெயர்த்தெடுக்கும். சீட் தேய வால்வு உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

ஆனால் எல்லா பழைய பைக்குக்கும் இது நேராது. 1923க்கு முந்தைய வண்டிகள் ஈயத்தையே பார்க்காமல் பிறந்தவை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20யின் கம்ப்ரஷன் வெறும் 4.9:1. மெதுவாக ஓடும் இப்படிப்பட்ட எஞ்சினுக்கு இன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே தாராளம். அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளில் சீட் தனி வளையமாகவே இருக்கும். அந்த உலோகம் கடினமானதாக இருந்தால் பயமில்லை. வார்ப்பிரும்பு ஹெட்டோடு நெடுந்தூரம் வேகமாக ஓட்டப்படும் வண்டிகளுக்குத்தான் உண்மையான ஆபத்து.

அதற்கும் வழி உண்டு. டேப்பட் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். வேகமாகக் குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் பழைய சீட்டைக் கடைந்தெடுத்து, கடினமான எஃகு சீட் பொருத்தினால் போதும். ஒருமுறை செய்தால் கவலை தீர்ந்தது. இன்று பழைய பைக்குகளுக்குப் பெரிய தொல்லை எத்தனால்தான். இந்தியாவில் 2025ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. அது பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

2021 ஜூலையில் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, சாலை வண்டிகளுக்கான ஈய பெட்ரோல் உலகிலிருந்தே விடைபெற்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது சைலன்சர் வழியே காற்றில் கலந்து, குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைப் பாதித்தது. தேய்ந்த வால்வு சீட்டை ஒரு பட்டறையில் மாற்றிவிடலாம். குழந்தையின் மூளைக்கு அப்படி ஒரு பட்டறை இல்லை.